மொட்டை அலையும் நான்கு எழுத்தும்

பாண்டித்துரையின் கல்யாணப் பத்திரிகையில் அவன் பெயருக்குப் பின்னால் டி.இ.இ.இ. என்று நான்கு எழுத்துகள் இருந்தன. எலக்ட்ரிகலும் எலக்ட்ரானிக்ஸும் சேர்ந்த டிப்ளமோ என்று அர்த்தம். 1998 ஆவணியில் சாத்தூரில் அறுநூறு பத்திரிகை அடித்து, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, பெண் வீட்டார் ஊர் ஊராகக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அறுநூறிலும் அச்சு சுத்தமாக விழுந்திருந்தது. மாப்பிள்ளை டிப்ளமோவை முடிக்கவில்லை என்பது மட்டும்தான் குறை.

முழுக்க முடிக்கவில்லை என்றும் சொல்லிவிட முடியாது. மூன்று வருஷப் படிப்பில் ஒரே ஒரு தாள் நின்றுபோயிருந்தது. எலக்ட்ரானிக் சர்க்யூட் தாள். அதில் பாதி டயோடு. டயோடு என்பது நெல்மணி அளவில் கறுப்பாக இருக்கும் ஒரு சாமான். மின்சாரத்தை ஒரு பக்கமாக விடும், மறுபக்கமாக விடாது. காலை எட்டு மணிக்கு பனியன் கம்பெனி வாட்ச்மேன் ஆட்களை உள்ளே விடுவார், வெளியே விடமாட்டார் இல்லையா, அந்த உத்தியோகம்தான் அதற்கும். கேள்வித்தாளில் ஒரு சர்க்யூட்டின் படமும், அதற்குள் போகிற அலையின் படமும் கொடுத்திருப்பார்கள். மேலே ஒரு மேடு, கீழே ஒரு பள்ளம், மறுபடியும் மேடு. வெளியே வரும் அலை எப்படியிருக்கும் என்று வரைய வேண்டும். மேட்டை டயோடு எந்த உயரத்தில் வெட்டும், பள்ளத்தை விடுமா, அடைக்குமா என்று யோசித்து வரைந்தால் மார்க். நூற்றுக்கு நாற்பது எடுத்தால் பாஸ். பாண்டித்துரைக்கு அந்த நாற்பது வரவில்லை.

நான்கு எழுத்தைப் பத்திரிகையில் போடச் சொன்னது அவன் இல்லை. மாமனார் ஆத்தப்பன் கேட்டார், கல்யாணம் பேசிய பெரியப்பா சொன்னார், அச்சாபீஸ்காரன் போட்டான். அவன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். ஆவணியில் கல்யாணம், அக்டோபரில் பரீட்சை, எப்படியும் இந்தத் தடவை பாஸாகிவிடும், இரண்டு மாசம் முன்னதாகப் போட்டுக்கொள்வதில் என்ன குடிமுழுகிவிடும் என்று நினைத்தான். அக்டோபரில் முப்பத்தொன்று வாங்கினான்.

அதன் பிறகு ஏப்ரலிலும் அக்டோபரிலும் இரண்டு நாள் லீவு போட்டு, வேலை பார்க்கும் திருப்பூரிலிருந்து ஊருக்குப் போனான். மனைவி சித்ராதேவியிடம் குலதெய்வம் அய்யனாருக்குப் படையல் என்று சொன்னான். நானும் வரேன் என்று முதல் வருஷமே அவள் கிளம்பினாள். அந்தப் படையலுக்குப் பொம்பளையாட்கள் வரக்கூடாது என்று சொல்லிவிட்டான். பாலிடெக்னிக்கில் போய் எழுதிவிட்டுத் திரும்பும்போது சாத்தூர் பஸ் ஸ்டாண்டு கடையில் ஒரு பொட்டலம் திருநீறு வாங்கி வந்தான். அவள் அதைக் கண்ணில் ஒற்றி நெற்றியில் இட்டு, மகள் மதுமதி பிறந்த பிறகு அவளுக்கும் இட்டாள். வருஷத்துக்கு இரண்டு படையல் வாங்குகிற அய்யனார் சுற்றுவட்டாரத்தில் வேறெங்கும் இல்லை.

இத்தனைக்கும் வேலையில் அவன் மண்டு இல்லை. திருப்பூரில் அனுப்பர்பாளையம் பக்கம் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் எலக்ட்ரீசியன். முதலாளி செங்கோட்டையன் சேவூர்க்காரர், தறி நெய்த குடும்பம், எதையும் மொத்தமாக, லாட்டாக வாங்குகிற பழக்கம் உள்ளவர். 2001இல் வெளிநாட்டிலிருந்து பழைய நிட்டிங் மெஷின்களை லாட்டாக இறக்கினார். மெஷின்களோடு சேர்ந்து, சின்னப் பச்சைக் கண்ணாடி வைத்த ஒரு பெட்டியும் வந்து சேர்ந்தது. அவர் பாண்டித்துரையைக் கூப்பிட்டு, இது டிவிங்களா, படமே வரக் காணோமுங்களே என்று கேட்டார். அது ஆசிலாஸ்கோப். மின்சாரம் போகிற போக்கை அலையாக வரைந்து காட்டும் கருவி. படிக்கும்போது லேபில் அதைப் பத்துப் பேரின் தோளுக்குப் பின்னாலிருந்து பார்த்திருக்கிறான். பத்து நாள் உட்கார்ந்து அதை ஓட வைத்தான். டிவி இல்லை என்று தெரிந்ததும் முதலாளி அதை அவனுக்கே விட்டுவிட்டார்.

முதல் வேலையாக, கம்பெனிக்கு வருகிற கரண்டை ஒரு சின்ன டிரான்ஸ்பார்மர் வழியாகக் குறைத்து, ஸ்கோப்பில் போட்டுப் பார்த்தான். புத்தகத்தில் இருக்கிற அலை வரவில்லை. மேடு வழவழவென்று உருண்டு உச்சிக்குப் போகாமல், உச்சியில் மொட்டையடித்தது போல மழுங்கியிருந்தது. பள்ளத்தின் அடியும் அப்படியே. யோசித்துப் பார்த்துக் காரணம் கண்டுபிடித்தான். திருப்பூரில் தெருவுக்குத் தெரு கம்பெனி. ஒவ்வொன்றிலும் மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற டிரைவ்கள், கம்ப்யூட்டர்கள், யுபிஎஸ்கள். எல்லாவற்றிலும் டயோடுகள் உட்கார்ந்துகொண்டு அலை உச்சிக்கு வரும் நேரம் பார்த்து ஒரே சமயத்தில் கரண்டை இழுக்கின்றன. உச்சி எப்படித் தாங்கும்? அன்றைக்கு அவனுக்கு உண்டான சந்தோஷத்தைப் பகிர்ந்துகொள்ள யாரும் இல்லாததால் கேன்டீனுக்குப் போய் இரண்டு வடை தின்றான்.

அதிலிருந்து அவனுக்கு ஒரு பழக்கம் வந்தது. எந்த மெஷினின் எலக்ட்ரானிக் கார்டு ரிப்பேருக்கு வந்தாலும், கட்டிங் செக்ஷனில் மீந்த பேட்டர்ன் பேப்பரைக் கிழித்து, இந்த இடத்தில் அலை இப்படியிருக்க வேண்டும் என்று முதலில் வரைவான். பிறகுதான் ஸ்கோப்பை வைப்பான். ஒருமுறை ஒரு தையல் மெஷினின் கார்டைப் பார்த்துவிட்டு கோயமுத்தூர் சர்வீஸ்காரர் புதுசுதான் போடவேண்டும் என்றார். பாண்டித்துரை வரைந்து பார்த்தான். நொடிக்கு நூறு மேடு வரவேண்டிய இடத்தில் ஸ்கோப் ஐம்பதுதான் காட்டியது. நான்கு டயோடில் ஒன்று கதவைச் சாத்திக்கொண்டுவிட்டது என்றான். அந்த ஒன்றை மாற்றினான், மெஷின் ஓடியது. முதலாளி எல்லோர் முன்னாலும், "படிச்ச ஆளுன்னா படிச்ச ஆளுதானுங்க" என்றார். பாண்டித்துரைக்கு அன்று மத்தியானம் சோறு இறங்கவில்லை.

ஸ்கோப் வந்த பிறகாவது பாஸாகியிருக்க வேண்டும் அல்லவா? ஆகவில்லை. அதற்கு முன் பன்னிரண்டு தடவை தெரியாமல் தோற்றான். அதற்குப் பின் ஒன்பது தடவை தெரிந்து தோற்றான். மார்க் முப்பத்து நாலுக்கும் முப்பத்தெட்டுக்கும் நடுவில் ஊஞ்சலாடியது. விடைத்தாளைத் திருப்பித் தரமாட்டார்கள் என்பதால் எங்கே தப்பு என்று தெரிய வழியில்லை. திருத்துகிறவருக்கு எலக்ட்ரானிக்ஸ் தெரியாது என்று அவன் முடிவு கட்டியிருந்தான்.

சித்ராதேவிக்கும் அதே கம்பெனியில்தான் வேலை, செக்கிங் செக்ஷனில். தைத்து வருகிற பனியனை மேஜையில் விரித்து, சரக்கு வாங்குகிற பையர் ஒப்புக்கொண்ட சாம்பிள் பீஸைப் பக்கத்தில் வைத்து, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். குறை இருக்கிற இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டினால் பீஸ் ஆல்டருக்குப் போகும். சரிசெய்து வந்ததும் ஒட்டியவளே மறுபடி பார்த்து, அவள் கையாலேயே ஸ்டிக்கரை எடுக்க வேண்டும். வேறு யாரும் எடுக்கக்கூடாது. சித்ராதேவி ஒட்டியதை எடுக்கச் சொல்லி லைன் சூப்பர்வைசர் முருகேஷ் ஒருமுறை கெஞ்சிப் பார்த்தான். பிறகு கெஞ்சுவதை விட்டுவிட்டான்.

2006 மார்ச்சில் இரண்டு சேதிகள் ஒரே வாரத்தில் வந்தன. பழைய பாடத்திட்டத்தில் அரியர் வைத்திருப்பவர்களுக்கு இந்த ஏப்ரல் பரீட்சையே கடைசி வாய்ப்பு என்று பாலிடெக்னிக்கிலிருந்து அஞ்சலட்டை வந்தது. தவறினால் பாஸான தாள்களும் சேர்ந்து போகும், மூன்று வருஷப் படிப்பும் இல்லையென்று ஆகும். அவன் தாள் மே மூன்றாம் தேதி காலை பத்து மணிக்கு. இரண்டாவது சேதியை சித்ராதேவி சந்தோஷமாகச் சொன்னாள். அவள் தம்பி குமாரவேலுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. சித்திரை இருபது, சாத்தூரில். அதுவும் மே மூன்றுதான்.

கூடவே மாமனார் பத்திரிகையின் புரூஃபையும் அனுப்பியிருந்தார். மகள் செக்கிங்கில் இருப்பதால் அவள் பார்த்துச் சொன்னால்தான் அச்சுக்குக் கொடுப்பாராம். தங்கள் நல்வரவை நாடும் என்பதற்குக் கீழே மருமகன்கள் பெயர் இருந்தது. மூத்தவர் சுடலை, பி.எஸ்ஸி., பி.எட். அடுத்தது பாண்டித்துரை, டி.இ.இ.இ.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அவள் புரூஃபை விரல் வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். விரல் அவன் பெயருக்கு வருவதற்குள் அவன் சொல்லிவிட்டான். ஒரு தாள், இருபத்தொரு தடவை, கடைசி வாய்ப்பு, அதே நாள். சொல்லும்போது அவன் குரல் அவனுக்கே யாரோ பேசுவது போலக் கேட்டது. அவள் நிமிராமல் கேட்டாள்.

"அப்ப அய்யனார் படையல்?"

"பரீட்சைக்குத்தான் போனேன்."

"திருநீறு?"

"பஸ் ஸ்டாண்டு கடையில வாங்குனது."

நான்கு எழுத்தைக் கூட அவள் பொறுத்திருப்பாள். திருநீறு அவளைச் சுட்டுவிட்டது. மதுமதிக்குக் காய்ச்சல் வந்தபோதெல்லாம் அதைத்தான் பூசினாள். எழுந்து, டிரங்குப் பெட்டியைத் திறந்து, எட்டு வருஷத்துக்கு முந்தைய அவர்களுடைய கல்யாணப் பத்திரிகையை எடுத்தாள். கைப்பையில் எப்போதும் ஒரு சுருள் ஸ்டிக்கர் கிடக்கும். ஒன்றை உரித்து, டி.இ.இ.இ. மேல் ஒட்டி, விரலால் அழுத்தித் தேய்த்துவிட்டு, பெட்டிக்குள் திரும்ப வைத்தாள். பிறகு சிவப்புப் பேனாவால் புரூஃபில் அந்த நான்கு எழுத்தை அடித்து, கவரில் போட்டாள். குறையுள்ள பீஸ் அவள் மேஜையை ஒரு தரம் தாண்டிப் போய்விட்டது. இரண்டாம் தரம் போக விடமாட்டாள்.

மாமனார் போனில் காரணம் கேட்டார். இப்பல்லாம் யாரும் அப்படிப் போடுறதில்லப்பா என்று அவள் சொன்னாள். மூத்த மருமகனுக்கு மட்டும் இருக்கிறதே என்று அவர் இழுத்தார். அவருக்கு இருக்கட்டும் என்றாள். பாண்டித்துரை பக்கத்தில் மதுமதியின் செருப்புக்கு வார் தைத்துக்கொண்டிருந்தான்.

எட்டு நாள் அவனிடம் அவள் பேசவில்லை. சோறு வந்தது, துவைத்த துணி வந்தது, பேச்சு மட்டும் இல்லை. இனி ஒளிந்து படிக்க அவசியமில்லாததால் அவன் சாயங்காலம் கம்பெனியிலிருந்து வந்ததும் புத்தகத்தை விரித்து, பேட்டர்ன் பேப்பரில் வரைந்து வரைந்து பார்த்தான். அந்த ஒரு வசதி கிடைத்திருந்தது. ஒன்பதாம் நாள் அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"அப்படி என்னத்ததான் வரையிறீங்க?"

அவன் காட்டினான். சர்க்யூட் இது, உள்ளே போகிற அலை இது, இந்த டயோடு நாலு வோல்ட்டுக்கு மேலே மேட்டை வெட்டிவிடும், பள்ளம் அப்படியே கீழே போகும். அவள் எட்டாவதுக்கு மேல் படித்தவள் இல்லை. டயோடைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. புத்தகத்தில் இருந்த படத்தை இடப்பக்கம் வைத்தாள், அவன் வரைந்ததை வலப்பக்கம் வைத்தாள். பனியனைப் பார்ப்பது போல மேலிருந்து கீழே பார்த்தாள். பிறகு ஒரு ஸ்டிக்கரை உரித்து, அவன் வரைந்த பள்ளத்தின் அடியில் ஒட்டினாள்.

"புத்தகத்துல அடி உருண்டையா இருக்கு. உங்களது மொட்டையா இருக்கு."

அவன் சிரித்துவிட்டான். இருபத்தொரு தடவையில் ஒருவராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்த விஷயம். ஸ்கோப்பில் பார்த்ததை, ஊரெல்லாம் ஒரே நேரத்தில் உச்சியில் கரண்டை இழுப்பதை, புத்தகத்தில் இருக்கிற உருண்டை அலை திருப்பூரிலேயே எங்கும் கிடையாது என்பதை விளக்கினான். உள்ளே போவதே மொட்டையாகப் போகும்போது வெளியே எப்படி உருண்டையாக வரும்? அவள் முழுவதையும் கேட்டாள்.

"கேள்வியில திருப்பூர் கரண்டுன்னு போட்டுருக்கா?"

அவன் கேள்வியை மறுபடி படித்தான். போட்டிருக்கவில்லை.

அவள் விடவில்லை. போன வருஷம் ஒரு பையரின் சாம்பிளில் பாக்கெட் அரை இஞ்ச் சாய்ந்திருந்ததை நினைவுபடுத்தினாள். கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொண்ட சாம்பிள் அது. பன்னிரண்டாயிரம் பனியனுக்கும் பாக்கெட்டைச் சாய்த்தே தைத்தார்கள். புதிதாக வந்த டெய்லர் ஒருவர் இது தப்பாச்சே என்று நல்ல மனசோடு நாற்பது பீஸை நேராகத் தைத்துவிட்டார். நாற்பதும் ரிஜெக்ட். அவளே அம்பு ஒட்டினாள்.

"நேரா இருக்குறதுதான் நெசம். ஆனா அவன் குடுத்த சாம்பிள் சாஞ்சது. சாம்பிள்ல என்ன இருக்கோ அதத்தான் தச்சுக் குடுக்கணும்."

ஒன்பது தடவை எப்படித் தோற்றோம் என்று அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. டயோடு எதையும் தின்னாது என்று வைத்துக்கொள்ளச் சொன்ன இடத்தில் நிஜ டயோடு தின்கிற முக்கால் வோல்ட்டைக் கழித்திருக்கிறான். உருண்டையைக் கொடுத்த இடத்தில் மொட்டையை வைத்திருக்கிறான். கேட்ட கேள்விக்குப் பதில் எழுதாமல், தான் கண்டதையே எழுதிக்கொண்டிருந்திருக்கிறான். திருத்துகிறவருக்கு எலக்ட்ரானிக்ஸ் தெரியும்.

அதிலிருந்து தினம் முப்பது அலை. அவள் இரவுச் சமையலுக்கு அரிசி களைந்துகொண்டே பார்ப்பாள். முதல் வாரம் பேப்பர் முழுக்கச் சிவப்பு அம்பாக இருந்தது. ஐந்து வருஷமாகப் பார்த்த மொட்டையை அவன் கை விடமாட்டேன் என்றது. பகலில் கம்பெனியில் கார்டு பார்க்கும்போது மொட்டையாகத்தான் வரைய வேண்டும், சாயங்காலம் உருண்டையாக. செக்கிங் செக்ஷனில் ஸ்டிக்கர் ஏன் இவ்வளவு செலவாகிறது என்று முருகேஷ் விசாரிக்கத் தொடங்கிய சமயத்தில்தான் அம்புகள் குறைந்தன. கடைசி வாரம் முப்பதுக்கு ஒன்றுகூட விழவில்லை. அவள் அன்று அவனுக்கு முட்டை பொரித்தாள்.

மே மூன்றாம் தேதி ஏழு மணிக்குத் தாலி கட்டினார்கள். மூன்றாவது முடிச்சு மாப்பிள்ளையின் அக்கா போடவேண்டியது. சித்ராதேவி அதைப் போட்டுவிட்டு நிமிர்ந்ததும் பாண்டித்துரையைப் பார்த்துத் தலையை அசைத்தாள். அவன் பந்திக்கு உட்காராமல் கிளம்பினான். மண்டப வாசலில் பத்திரிகையைப் பெரிதாக்கி ஒட்டியிருந்தார்கள். சுடலையின் பெயருக்குப் பின்னால் பட்டம் நீளமாகப் போயிற்று. பாண்டித்துரை என்பதோடு அடுத்த வரி முடிந்திருந்தது. அதைக் கடந்து போக அவனுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. சாப்பிடாமல் போகிற மருமகனைப் பற்றி மாமனார் கேட்டபோது, பரீட்சை எழுதப் போயிருக்கார்ப்பா, ஒரு தாள் பாக்கியிருக்கு என்று சித்ராதேவி சொல்லிவிட்டாள். ஆத்தப்பன், டவுன் பஸ் கிடைச்சிருக்குமா என்று மட்டும் கேட்டார்.

பஸ் கிடைத்தது. பட்டு வேட்டியோடும் சந்தனப் பொட்டோடும் ஹாலில் உட்கார்ந்திருந்தவன் அவன் ஒருவன்தான். ஆறாவது கேள்வி அலை. பத்து வோல்ட் உள்ளே, நாலு வோல்ட்டில் வெட்டு, டயோடு எதையும் தின்னாதது என்று வைத்துக்கொள்க. வரைந்துகொண்டே வந்து பள்ளத்தின் அடியை அடைந்தபோது பென்சில் தானாகவே மழுங்கத் தொடங்கியது. நிறுத்தினான். அழித்தான். திருப்பூரில் எந்தத் தெருவிலும் ஓடாத ஒரு அலையை, எட்டு வருஷப் பொய்யை மெய்யாக்குவதற்காக, வழவழவென்று உருட்டி வரைந்தான். அடியில் அம்பு விழ இடமில்லை.

ஐம்பத்திரண்டு மார்க். சர்டிபிகேட் ஆவணியில் வந்தது. மடங்காமல் இருக்க அதை ஒரு பனியன் பாலிகவரில் போட்டு அவன் வீட்டுக்குக் கொண்டுவந்தான். சித்ராதேவி கையைக் கழுவித் துடைத்துவிட்டு வாங்கினாள். பெயர், இனிஷியல், அப்பா பெயர், தேதி, முத்திரை எல்லாம் பார்த்தாள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். பின்பக்கமும் பார்த்தாள். பிறகு பெட்டியைத் திறந்து பழைய பத்திரிகையை எடுத்து, நகத்தால் ஓரத்தைக் கிளப்பி, ஸ்டிக்கரை உரித்தாள்.

ஐந்து மாசத்தில் பசை நன்றாகப் பிடித்திருந்தது. அம்போடு சேர்ந்து நான்கு எழுத்தும் உரிந்து வந்துவிட்டன. அவன் பெயருக்குப் பின்னால் அம்பு வடிவத்தில் வெள்ளையாக ஓர் இடம் மட்டும் நின்றது. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போனால் போகட்டும் என்று சொல்லத்தான் அவன் நினைத்தான். அவள் மதுமதியின் பையிலிருந்து பேனாவை எடுத்து, பத்திரிகையை முழங்காலில் வைத்து, சர்டிபிகேட்டைப் பார்த்துப் பார்த்து அந்த இடத்தில் எழுதினாள். டி. இ. இ. இ. கடைசி எழுத்து கொஞ்சம் சாய்ந்துவிட்டது. எழுத்து சாய்ந்திருப்பதை அவன் சொல்லவில்லை.

"இனிமே இதான் சாம்பிள்" என்று அவள் பத்திரிகையைப் பெட்டியில் வைத்து மூடினாள். அடுப்பைப் பார்க்கப் போனவள் பாதியில் நின்றாள்.

"அக்டோபர்ல எப்பவும் போல ரெண்டு நாள் லீவு போடுங்க. அய்யனாரப் போய்ப் பாக்கணும். படையலுக்குப் பொம்பளையாளு வரலாம்ல?"

"வரலாம்" என்றான் பாண்டித்துரை.